அம்புக்குறி இல்லாத கீபோர்ட்

“செத்தவன் திரும்பி வந்து கீபோர்ட்டைத் தூக்கிக்கொண்டு போவானே, தம்பி?”

தங்கராணி கேட்டது மயூரதனை. பதில் சொல்ல வாயைத் திறந்தது சுஜீவா. மயூரதன் ஒரு பார்வை பார்த்தார். திறந்த வாயை அவள் அப்படியே கொட்டாவியாக மாற்றிக்கொண்டாள். துப்பறிகிறவருக்கு உதவியாளராகச் சேர்ந்த பிறகு அவள் கற்றுக்கொண்ட வித்தைகளில் அதுதான் தினமும் பயன்பட்டது.

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்துச் செங்கல் வீடு ஒன்றின் மாடி அறை அது. கட்டில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. தங்கராணியின் மகன் சிந்துஜன் கம்பியூட்டர் படிப்பவன். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மாலை இந்த அறையிலிருந்து இறங்கிப் போனான், திரும்பி வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவனுடைய சைக்கிள் துறைமுகத்தில் பூட்டாமல் கிடந்தது. பொலிசார் தண்ணீரில் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

இப்போது மார்ச் மாதம். பொலிசார் கோப்பை மூடவில்லை, அதைத் திறந்தும் பார்ப்பதில்லை. ஈமக்கிரியையைச் செய்து முடித்துவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் முதலில் சாடைமாடையாகச் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். தங்கராணி அவர்கள் எல்லோருக்கும் கதவைச் சாத்திவிட்டு மயூரதனுக்குப் போன் எடுத்தாள். மயூரதன் முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய் விபத்துகளைப் பிடித்தவர். இப்போது சொந்தத் தொழில். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான் வரும். மாப்பிள்ளை குடிப்பானா என்று கண்டுபிடிப்பதற்கும், ஒரு பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கண்டுபிடிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு என்று சுஜீவாவுக்குப் படியேறும்போதே உறைத்தது.

“முதலில இருந்து சொல்லுங்கோ அக்கா,” என்றார் மயூரதன்.

“கீபோர்ட் ரெண்டு எடுப்பிச்சவன் தம்பி. ரெண்டும் குட்டி. மற்றக் கீபோர்ட்டுகளில வலப்பக்கம் இலக்கமெல்லாம் கிடக்குமே, அது ரெண்டிலயும் இல்லை. ஒண்டில அம்புக்குறி நாலும் இருக்குது. மற்றது அதையும் விடச் சின்னன், அம்புக்குறியும் இல்லை. ரெண்டு கிழமை வச்சு அடிச்சுப் பாத்திட்டு, பிடிக்காததைத் திருப்பி அனுப்பலாமாம்.”

“மாப்பிள்ளையளுக்கும் இப்பிடி ஒரு வசதி இருந்தால் நான் எப்பவோ கலியாணம் கட்டியிருப்பன்,” என்றாள் சுஜீவா.

தங்கராணி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. சுஜீவாவுக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“அந்த ரெண்டு கிழமையும் வீட்டில வேற கதையில்லை,” தங்கராணி தொடர்ந்தாள். “சாப்பாட்டு மேசைக்கே கொண்டு வந்திட்டான். ‘அம்மா, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ’ எண்டு மாறி மாறி அடிச்சுக் காட்டினவன். பெரியது டிக் டிக்கெண்டு காதைக் குத்தும். சின்னது டொக் டொக்கெண்டு மெதுவாக் கேக்கும். சின்னதுதான் நல்லாயிருக்கு எண்டன். அம்புக்குறி இல்லாமல் என்னடா செய்வாய் எண்டும் கேட்டன். வேற ஒரு கீயை அமத்திப் பிடிச்சுக்கொண்டு அடிச்சால் அதுவும் வருமாம். மேசையில இடம் மிஞ்சுமாம், மவுஸ் கிட்ட இருக்குமாம், தோள் நோகாதாம். புதன்கிழமை ராத்திரி சொல்லிப்போட்டான். ‘அம்மா, சின்னதை வச்சிருக்கப்போறன்.’ அடுத்தநாள் ஆள் இல்லை.”

“அப்ப வியாழக்கிழமை ரெண்டும் இஞ்சதான் இருந்ததோ?”

“வெள்ளிக்கிழமையும் இருந்தது. ஆரோ சிநேகிதன் வீட்டில நிக்கிறான் எண்டு நினைச்சு நான் வழக்கம்போல வீடு முழுக்கத் துடைச்சு விளக்கு வச்சனான். என்ர கையாலதான் ரெண்டையும் தூக்கித் தூசி துடைச்சனான். செவ்வாய்க்கிழமை பொலிஸ் வந்திட்டுப் போனாப் பிறகு ஓடி வந்து பாக்கிறன், சின்னதைக் காணேல்லை. வீட்டுக் கதவின்ர திறப்பு அவனிட்ட இருக்குது. நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போன நேரம் பாத்து வந்து, தனக்குப் பிடிச்சதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். எங்கையோ இருந்து அதில அடிச்சுக்கொண்டிருக்கிறான் தம்பி.”

சுஜீவா மேசையைப் பார்த்தாள். அம்புக்குறி உள்ள கீபோர்ட் ஒன்றுதான் கிடந்தது. அம்மாவின் நியாயம் அப்படியொன்றும் பிழையில்லை என்று அவளுக்குத் தோன்றியது. உயிரோடு இருக்கிறவன்தான் பிடித்தது, பிடிக்காதது பார்ப்பான்.

மயூரதன் அலுமாரிக்கு மேலே கையை விட்டு ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். கீபோர்ட் வந்த பெட்டி. உள்ளே ஒன்றுமில்லை. மேசையில் கிடந்த கீபோர்ட்டைத் தூக்கி அதற்குள் வைக்கப் பார்த்தார். ஒரு விரலளவு வெளியே நின்றது. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்படியும் போகவில்லை.

“இது சின்னதின்ர பெட்டி. பெரியதின்ர பெட்டி எங்கையக்கா?”

“இருக்கும்… எங்கையும் கிடக்கும்.”

எங்கேயும் கிடக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், கீழே சப்பாத்து வைக்கும் அறையில் எல்லாம் சுஜீவா தேடிவிட்டு வந்து கையை விரித்தாள்.

“பொலிஸ் இதைக் கேட்டவங்களோ?”

“அவங்கள் கம்பியூட்டரை மட்டும் கொண்டு போனவங்கள். கீபோர்ட்டில என்ன கிடக்கு எண்டிட்டாங்கள்.”

பெட்டியில் ஒட்டியிருந்த கடைப் பெயரை மயூரதன் போனில் படம் எடுத்துக்கொண்டார். கீழே வரவேற்பறையில் தம்பிமுத்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். தங்கராணியின் கணவர், ஊருக்கு வெளியே ஒரு சாமான் கிடங்கில் பொதி கட்டும் வேலை. அதிகம் பேசமாட்டார். இவர்கள் வந்தபோது சொன்ன “வாங்கோ”வோடு அன்றைய கணக்கை முடித்திருந்தார்.

“எங்கை போறியள்?” என்று இப்போது கேட்டார்.

“நாளைக்குக் கோப்பன்ஹேகனுக்கு அண்ணை. மகன் கீபோர்ட் எடுத்த கடைக்கு.”

தம்பிமுத்து தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு நின்றுபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தநாள் காலை ரயிலில் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்ட சுஜீவா, தின்பதற்குக் கொண்டுவந்த கடலைப் பைக்கற்றைப் பிரித்தாள். வாய்க்கு வேலை கொடுத்தால் மூளை ஓடும் என்பது அவள் கட்சி.

“அண்ணை, இதில என்ன குழப்பம்? வந்தான், சின்னதை எடுத்தான், உடையாமல் இருக்க ஒரு பெட்டிக்குள்ள வச்சான், போயிட்டான்.”

“எந்தப் பெட்டிக்குள்ள?”

“பெரிய பெட்டிக்குள்ள.”

“அதுக்கு அளவான பெட்டி கையெட்டுற தூரத்தில, அலுமாரிக்கு மேல இருக்குது. அதை விட்டிட்டு மற்றதுக்குள்ள வச்சால் உள்ளுக்க கிடந்து ஆடும். ரெண்டு கிழமை ராவும் பகலும் அதே யோசினையா இருந்த பெடியன் அப்பிடி வைப்பானோ?”

“அவசரத்தில…” என்று இழுத்தாள் சுஜீவா. “நானெண்டால் மாறித்தான் வச்சிருப்பன். எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியுது.”

“அதுதான் பிள்ளை விசயம்,” என்றார் மயூரதன். “ரெண்டும் ஒண்டு எண்டு நினைக்கிற ஆரோ ஒராள்தான் வச்சிருக்கிறார்.”

சுஜீவாவின் கை கடலைப் பைக்கற்றுக்குள்ளேயே நின்றது. ரயில் பெரிய பாலத்தில் ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், சாம்பல் நிறத்தில், கரையே இல்லாததுபோலக் கிடந்தது. எத்தனையோ தடவை போய் வந்த பாலம்தான். இன்றைக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிர்ச் சீட்டில் தூங்கிய ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் காலுறையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் கடையில் அந்தக் கீபோர்ட் இருக்கக் கூடாது என்று மனதுக்குள் மன்றாடினாள். அது கடையில் இல்லாவிட்டால்தான் அது சிந்துஜனின் கையில் இருக்கும்.

கடை நிலமட்டத்துக்குக் கீழே, நாலு படி இறங்கிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. சுவரெல்லாம் கீபோர்ட். நடுமேசையில் தனித்தனிக் கீகளைப் பதித்த ஒரு பலகை இருக்க, தாடி வைத்த இரண்டு ஆண்கள் அதில் ஒவ்வொன்றாக அமத்தி, கண்ணை மூடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலையாட்டினார். மற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை. மாம்பழம் வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு நேரம் எடுக்கமாட்டார்கள் என்று சுஜீவா நினைத்தாள்.

“ஹை,” என்றபடி வந்த விற்பனையாளன் இவர்களுடைய முகத்தைப் பார்த்ததும் மொழியை மாற்றினான். “தமிழோ? நான் ஸ்ரிபன். என்ர தமிழ் கொஞ்சம்… டேனிஷ் பக்கம் வளையும். பரவாயில்லையோ?”

“என்ரயும் சில நேரம் வளையும்,” என்றாள் சுஜீவா. “முதியோர் இல்லத்திலயும் எனக்குப் பாதிநேர வேலை, அங்க கிழவி ஒராளோட டேனிஷ் கதைச்சுக் கதைச்சு நாக்கு சுளுக்கிப்போச்சு.”

மயூரதன் போனில் இருந்த படத்தையும் சிந்துஜனின் பெயரையும் காட்டினார். ஸ்ரிபன் உடனேயே நிமிர்ந்தான்.

“ஓ, அவரோ! பெட்டி மாறி அனுப்பின ஆள்! நாங்கள் மெயில் போட்டனாங்கள், பதில் இல்லை. போன் எடுத்தால் ஓஃப். பெட்டியில ஒண்டு, உள்ளுக்க வேற ஒண்டு. திருப்பி எடுக்கவும் ஏலாது, எறியவும் ஏலாது. பின்னால தட்டில கிடக்குது. நில்லுங்கோ.”

அவன் உள்ளே போனான். சுஜீவா மயூரதனைப் பார்க்கவில்லை. ஸ்ரிபன் திரும்பி வந்து பெட்டியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தான். கறுப்பாக, சின்னதாக, அம்புக்குறி இல்லாமல் இருந்தது. எங்கேயோ இருந்து ஒரு பிள்ளை தட்டிக்கொண்டிருப்பதாக அவனுடைய அம்மா நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்த கீபோர்ட் இங்கே தூசி பிடித்துக்கொண்டு இருந்தது.

“எப்ப வந்தது தம்பி?”

ஸ்ரிபன் கணினியில் பார்த்துச் சொன்னான். சைக்கிள் கிடைத்த அதே வாரம் வந்து சேர்ந்திருந்தது. ஹோர்சன்ஸில் திங்கட்கிழமை கொடுத்த பார்சல்.

சுஜீவா மயூரதனின் கையைப் பிடித்தாள்.

“அண்ணை! திங்கக்கிழமை! வியாழக்கிழமை போனவன் திங்கக்கிழமை பார்சல் போட்டிருக்கிறான் எண்டால் என்ன அர்த்தம்? அவன் அந்தத் தண்ணிக்குள்ள போகேல்லை. அன்ரி சொன்னது சரி. அவன் திரும்பி வந்தவன். அவசரத்தில மாத்தி வச்சிட்டான். அவ்வளவுதான்!”

தாடிக்காரர் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஒரு நிமிடம் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. தங்கராணிக்கு இப்போதே போன் எடுக்கவேண்டும் என்று கைப்பைக்குள் கையையும் விட்டாள்.

“பொறு,” என்றார் மயூரதன். “உன்ர அம்மா ஊருக்குப் பெட்டி அனுப்புறவ தானே?”

“ஓம். வருசா வருசம் மட்டக்களப்புக்கு. இப்ப ஏன் அது?”

“இந்தப் பெட்டியைப் பார்.”

பார்த்தாள். மண்ணிற டேப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. நீளத்துக்கு, அகலத்துக்கு, பிறகு மறுபடி நீளத்துக்கு. நாலு மூலையிலும் தனித்தனியாக மடித்து ஒட்டிய டேப். டேப்புக்குக் கீழே, முகவரி ஸ்ரிக்கர் மட்டும் வெளியே தெரிய, பெட்டி முழுவதையும் மூடி ஒரு சுப்பர்மார்க்கெட் பை, ஒரு சொட்டுத் தண்ணீர் போகாதபடி இழுத்துக் கட்டியது. மூடியை ஒருவர் கத்தியால் அறுத்துத்தான் திறந்திருந்தார்.

“அதை அறுத்து முடிய என்ர கோப்பி ஆறிப்போச்சு,” என்றான் ஸ்ரிபன். “டேனிஷ் ஆக்கள் ஒரு துண்டு டேப் போடுவினம். சில பேர் அதுவும் இல்லை. இது ஏதோ கடல் தாண்டிப் போற பெட்டி மாதிரி.”

சுஜீவா பெட்டியின் மூலையை விரலால் தடவினாள். கப்பலில் மாதக்கணக்கில் கிடந்து, மழையில் நனைந்து, சுங்கத்தில் எறிபட்டு, கடைசியில் ஊரில் உடையாமல் இறங்கவேண்டிய பெட்டியைக் கட்டிப் பழகிய கை. பால்மாவும் சவர்க்காரமும் பழைய குளிர்ச்சட்டையும் வைத்துக் கட்டிய கை. அந்தக் கைக்கு ஹோர்சன்ஸிலிருந்து கோப்பன்ஹேகனுக்குப் போகிற பெட்டியும் அப்படித்தான். இங்கே பிறந்த ஒரு பிள்ளை இப்படிக் கட்டுவானா? ஸ்ரிபனே இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதானே நிற்கிறான்.

“சிந்துஜன் கட்டேல்லை,” என்றாள்.

“இல்லை.”

“அன்ரியும் இல்லை. அவவுக்குத் தெரிஞ்சிருந்தால் எங்களைக் கூப்பிட்டிருக்கமாட்டா.”

மயூரதன் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒருவர். அவர் பொதி கட்டித்தான் சம்பளம் வாங்குகிறார்.

பெரியதைப் பிறகு அனுப்பிவைப்பதாகப் பேசி, சின்னதை ஸ்ரிபனிடம் வாங்கிக்கொண்டார்கள். படியேறும்போது அவன் பின்னால் வந்து கேட்டான்.

“ரெண்டில அவர் எதைத் தெரிவு செய்தவர்?”

“இதைத்தான்,” என்றார் மயூரதன்.

“நல்ல தெரிவு. முதலில ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும், பிறகு பழகிடும். அவரிட்டச் சொல்லுங்கோ.”

சொல்லுறம் என்று சுஜீவாதான் பதில் சொன்னாள். திரும்பி வந்த ரயிலில் அவள் ஒரு பகிடியும் விடவில்லை.

ரயில் நிலையத்தில் விட்டிருந்த காரை எடுத்துக்கொண்டு தம்பிமுத்துவின் கிடங்குக்குப் போனார்கள், வேலை முடிகிற நேரம். ஆட்கள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு கலைந்துபோனார்கள். தம்பிமுத்து மட்டும் தன் சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றார். காலையில் இருந்தே இவர்களுக்காகத்தான் காத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

“பெட்டியை நல்லாக் கட்டியிருக்கிறியள், அண்ணை,” என்றார் மயூரதன்.

தம்பிமுத்து மறுக்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. அதைத் தூக்கவும் இல்லை.

“வியாழக்கிழமை பின்னேரம் நான் ரீவி பாத்துக்கொண்டிருந்தனான். மனுசி வேலையால வரேல்லை. அவன் படியால இறங்கி வந்தான். ‘அப்பா, மேசையில இடப்பக்கம் கிடக்கிற கீபோர்ட்டைத் திங்கக்கிழமை திருப்பி அனுப்பிவிடுங்கோ. அதுக்குரிய பெட்டியைக் கீழ வச்சிருக்கிறன், ஸ்ரிக்கரும் ஒட்டிப்போட்டன்’ எண்டான். நான் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. ஓம் எண்டன். ‘நன்றியப்பா’ எண்டான்.”

அவர் கையுறைகளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“என்னோட எப்பவும் டேனிஷிலதான் கதைக்கிறவன். நான் தமிழில கேப்பன், அவன் டேனிஷில பதில் சொல்லுவான். அண்டைக்கு முழுக்கத் தமிழில சொன்னவன் தம்பி. அதுகூட எனக்கு உறைக்கேல்லை. தானே கொண்டுபோய்க் குடுக்கிற ஒரு பார்சலை ஏன் என்னட்டைச் சொல்லுறான் எண்டு நான் கேக்கேல்லை. சைக்கிள் கிடைச்சாப் பிறகுதான் விளங்கினது.”

“ஏன் அங்கிள் அன்ரிட்டச் சொல்லேல்லை?” சுஜீவா கேட்டாள்.

“சொல்லத்தான் இருந்தனான். சைக்கிள் கிடைச்ச அண்டைக்கு அவள் மேல ஓடிப்போனாள். பிறகு கத்திக்கொண்டு இறங்கி வந்தாள். ‘சின்னதைக் காணேல்லை, அவன் வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், அவன் உயிரோட இருக்கிறான்’ எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாள். அது வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்காமல் கிடந்தவள், அண்டைக்கு ஒரு கோப்பை சோறு சாப்பிட்டாள். அந்த நேரம் நான் என்னத்தைச் சொல்ல?”

“ஆனால் நீங்கள் அனுப்பினது சின்னதை, அங்கிள். அவர் வச்சிருக்க விரும்பினதை.”

“எனக்கு அது தெரியாது பிள்ளை. எனக்கு ரெண்டும் கறுப்பு, ரெண்டும் கட்டை. இடப்பக்கம் கிடந்ததைத்தான் எடுத்தனான். அவன் சொன்ன மாதிரித்தான் செய்தனான்.”

சரியான கீபோர்ட் போயிருந்தால் அவனுக்குப் பிடித்தது மேசையிலேயே கிடந்திருக்கும், தங்கராணிக்கு நம்ப ஒன்றுமே மிஞ்சியிருக்காது. மாறிப்போனதால்தான் அவள் நாலு மாதம் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், கட்டில் விரிப்பை மாற்றினாள். சுஜீவாவுக்கு இது விளங்கியதும், இந்த வேலையே வேண்டாம், பழையபடி முழுநேரமும் கிழவிகளைக் குளிப்பாட்டப் போய்விடலாம் என்று இருந்தது.

“சொல்லாதேங்கோ தம்பி,” என்றார் தம்பிமுத்து. “கடை பூட்டிப்போச்சு, ஒண்டும் தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ. அவளிட்ட இருக்கிறது அது ஒண்டுதான்.”

“ஓம் அண்ணை,” என்றாள் சுஜீவா மயூரதனிடம். “என்ன குறைஞ்சுபோகுது? ஆருக்கு நட்டம்?”

மயூரதன் கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தி அவரிடம் கொடுத்தார்.

“நான் சொல்லமாட்டன் அண்ணை. நான் சொன்னால் அது வெறும் விசாரணை. அவன் கடைசியாக் கதைச்சது உங்களோட. அதை நாலு மாசமா நீங்கள் மட்டும் வச்சிருக்கிறியள். அவவும் அவனைப் பெத்தவதானே.”

தம்பிமுத்து வீடு வரைக்கும் சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே வந்தார். அவர்களும் காரை அங்கேயே விட்டுவிட்டுக் கூடவே நடந்தார்கள்.

தங்கராணி தேநீர் போட்டு வைத்திருந்தாள். மயூரதன் சாப்பாட்டு மேசையில் சின்னக் கீபோர்ட்டை எடுத்து வைத்தார். அவள் கேள்வி கேட்கவில்லை. ஒரு விரலால் ஒரு கீயை அமத்தினாள். சத்தத்தைக் கேட்டாள். இன்னொன்றை அமத்தினாள்.

“இதுதான்,” என்றாள். முகம் மலர்ந்தது. “எங்க நிக்கிறான் தம்பி? சாப்பிடுறானாமோ?”

சுஜீவா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பிமுத்துதான் சொன்னார். நின்றபடியே, குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல், கிடங்கு வாசலில் சொன்னதையெல்லாம் திரும்பவும் சொன்னார். தொலைக்காட்சி பார்த்ததையும், திரும்பிப் பார்க்காததையும், நன்றியப்பா என்றதையும் விடவில்லை. தங்கராணியின் முகத்தில் இருந்த மலர்ச்சி மெல்ல மெல்ல வடிந்துபோவதைச் சுஜீவா பார்த்தாள். அதைப் பார்க்க நேர்ந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

“இடப்பக்கம் எண்டு சொன்னவனோ?” தங்கராணி கடைசியில் கேட்டாள்.

“ஓம். நான் இடப்பக்கம் கிடந்ததைத்தான்…”

“உங்களில பிழையில்லை.” அவள் கீபோர்ட்டைப் பார்த்தபடியே பேசினாள். “வெள்ளிக்கிழமை நான் மேசை துடைக்கேக்க ரெண்டையும் தூக்கிக் கட்டிலில வச்சனான். துடைச்சிட்டுத் திரும்பி எடுத்து வச்சனான். எது எந்தப் பக்கம் இருந்தது எண்டு ஆர் பாத்தது? நான்தான் மாத்தி வச்சிருக்கிறன். நானே மாத்தி வச்சிட்டு, நானே அதைப் பாத்து அவன் வந்திட்டுப் போனான் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.”

மயூரதன் ஏதோ சொல்ல முயன்றார். உடல் இன்னும் கிடைக்கவில்லை, சட்டப்படி எதுவும் முடிவில்லை என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்காமலே விட்டார். அவரே நம்பாத ஒன்றை அவர் சொல்லிச் சுஜீவா கேட்டது அதுதான் முதல் தடவை.

“உங்களிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கிறான்,” என்றாள் தங்கராணி கணவரிடம்.

“கீபோர்ட்டைப் பற்றித்தான் சொன்னவன், ராணி. வேறயொண்டும் சொல்லேல்லை.”

“அவனுக்குச் சொல்ல வந்தது அவ்வளவுதான்.”

தம்பிமுத்து குளிர்ச்சட்டையோடு அப்படியே நிலத்தில் இருந்தார். தங்கராணி அவருடைய தோளில் ஒரு கையை வைத்தாள். மற்றக் கையால் கண்ணைத் துடைக்கப்போகிறாள் என்று சுஜீவா நினைத்தாள். ஆனால் அவள் கண் காய்ந்துதான் இருந்தது. நாலு மாதத்தில் முதல் தடவையாக யாரையும் எதிர்பார்க்காத முகத்தோடு அவள் நிமிர்ந்தாள்.

“போனில பஞ்சாங்கம் பாக்கலாமோ, தம்பி?”

“பாக்கலாம் அக்கா.”

“நவம்பரில அந்த வியாழக்கிழமை என்ன திதி எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

மயூரதன் போனை எடுத்தார். சுஜீவா அதை அவர் கையிலிருந்து வாங்கி, மாதத்தைப் பின்னால் தள்ளித் தள்ளிப் போய், அந்த நாளைக் கண்டுபிடித்தாள்.

“தேய்பிறைத் துவாதசி, அன்ரி.”

தங்கராணி அதை ஒரு தடவை மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.